மங்குக்கான இரசாயனத் தோலுரிப்பு

அளவறிந்து நீர்த்த அமிலத்தை முகத்தில் பூசி, மேல்தோலின் கருமை படிந்த அடுக்குகளை உதிரச் செய்து, புதுத்தோல் வளர இடமளிக்கும் சிகிச்சையே இரசாயனத் தோலுரிப்பு எனப்படுவது. 1882-இல் ஜெர்மானிய மருத்துவர் பால் கெர்சன் உன்னா சாலிசிலிக் அமிலம், பினால் முதலியவை தோலின்மீது புரியும் வினையை விவரித்ததிலிருந்து இதன் நவீன சரித்திரம் தொடங்குகிறது.

வெயில் கடுமையாகக் காயும் மதுரையிலும் சுற்றுப்புறச் சமவெளியிலும், வயலிலும் சந்தையிலும் உழைக்கும் ஸ்திரீகளின் கன்னத்திலும் நெற்றியிலும் கரும்படலமாகப் படரும் மங்கு என்பது சூரிய ஒளி, கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை, பரம்பரை ஆகியவற்றால் தோன்றுவது. கருநிறத் தோலின் நிறமி அணுக்கள் எண்ணிக்கையில் மிகுந்தவையல்ல. எனினும் சிறு அழற்சிக்கும் அவை மிகையாக நிறமியைச் சுரப்பனவாதலால், அமிலம் சற்றே ஆழமாக இறங்கினும், நீக்க வந்த கருமையினும் பெரிய கருமை எஞ்சிவிடக்கூடும். ஆதலின் பினாலைக் கொண்டு செய்யும் ஆழ்ந்த உரிப்பு இங்கு விலக்கத்தக்கது; அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கரும்பின் சாற்றிலும் இயல்பாகவே உள்ள கிளைக்காலிக் அமிலத்தைக் குறைந்த செறிவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதும், 20 முதல் 30 சதவீதச் சாலிசிலிக் அமிலமும், மெல்ல ஊடுருவும் மாண்டலிக் அமிலமும் உகந்தவை. அமர்வுகளுக்கிடையே 2 முதல் 4 வாரம் விடுவதும், சன்ஸ்கிரீனைத் தவறாது பூசுவதும் இன்றியமையாதன. அடித்தோலில் ஆழ்ந்த மங்கோ எளிதில் மறைவதில்லை.

1954-இல் தோன்றிய மதுரை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அரசு இராஜாஜி மருத்துவமனை அருகிருந்தும், மருத்துவரைக் காணாமல் மங்கு நீங்குமென்று மருந்துக்கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசித் தோலை மெலியச் செய்துகொள்வோர் நிலை மிகப் பரிதாபகரமானது. அக்களிம்பை மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தித் தோல் தேறும்வரை உரிப்பைத் தள்ளிவைக்கவேண்டும்.