துடுப்பால் கடந்த கடல்: கரை சேர்ந்தவர்களும் சேராதவர்களும்

பாய்மரமோ இன்ஜினோ இல்லாமல், கையால் துடுப்பு வலித்தே ஒரு பெருங்கடலைக் கடக்க முடியுமா? முடியும் என்று 1896-இல் இருவர் காட்டினார்கள். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் சிப்பி எடுத்துப் பிழைத்த ஜார்ஜ் ஹார்போ, ஃபிராங்க் சாமுவெல்சன். 18 அடித் திறந்த படகில் ஜூன் 6-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து கிளம்பினார்கள். நடுக்கடலில் படகு கவிழ்ந்து உணவு போயிற்று. வழியில் வந்த நார்வே கப்பல் ஒன்று உணவும் தண்ணீரும் கொடுத்தது. 55-ஆம் நாள் இங்கிலாந்தின் சில்லி தீவுகளில் கரையேறினார்கள். அந்த வேகத்தை 2010 வரை யாரும் முறியடிக்கவில்லை.

அவர்களுக்குப் பிறகு 70 ஆண்டுகள் கழித்து, 1966-இல் இரண்டு பிரிட்டிஷ் ஜோடிகள் ஒரே கோடையில் இறங்கின. பத்திரிகையாளர்களான டேவிட் ஜான்ஸ்டனும் ஜான் ஹோரும் மே 21 அன்று வர்ஜீனியா கரையிலிருந்து 'பஃபின்' படகில் கிளம்பினார்கள். ராணுவ பாராசூட் படையின் கேப்டன் ஜான் ரிட்ஜ்வே, சார்ஜென்ட் செய் பிளைத் இருவரும் ஜூன் 4 அன்று, அங்கிருந்து வெகுதூரம் வடக்கே உள்ள கேப் காடிலிருந்து கிளம்பினார்கள். அவர்களுடையது 'இங்கிலிஷ் ரோஸ் 3' என்ற 20 அடி மீன்பிடிப் படகு.

பஃபின் இதற்கென்றே வடிவமைத்துக் கட்டிய படகு. மற்றது மேல்மூடிகூட இல்லாத திறந்த படகு. எது வெல்லும் என்று நினைப்பீர்கள்? ஆனால் வர்ஜீனியாவிலிருந்து போக வேண்டிய தூரம் அதிகம். ஐரோப்பா பக்கம் மெல்ல வளையும் கரையில் வடக்கே எவ்வளவு தள்ளிக் கிளம்புகிறோமோ, அவ்வளவு கடல் மிச்சம்.

செப்டம்பர் 3 அன்று ரிட்ஜ்வேயும் பிளைத்தும் அயர்லாந்தின் அரன் தீவுகளை அடைந்தார்கள். உலகமே கொண்டாடியது. அக்டோபரில் கனடா கடற்படைக் கப்பல் ஒன்று கவிழ்ந்து மிதந்த பஃபினைக் கண்டெடுத்தது. உள்ளே ஆள் இல்லை. நாட்குறிப்பு மட்டும் இருந்தது. அதில் கடைசியாக எழுதியிருந்த தேதி செப்டம்பர் 3. இவர்கள் கரையேறிய அதே நாள்!

31 ஆண்டுகள் கழித்து, 1997-இல் அதே பிளைத்தான் முதல் அட்லாண்டிக் துடுப்புப் படகுப் பந்தயத்தை நடத்தினார். டெனெரீஃப் தீவிலிருந்து பார்படாஸ் வரை. 30 படகுகள், படகுக்கு இருவர், எல்லோருக்கும் ஒரே வடிவப் படகு. கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று முதுகில் தள்ளும் தெற்கு வழி. நியூசிலாந்தின் ராப் ஹாமில், ஃபில் ஸ்டப்ஸ் ஜோடி 41 நாளில் வென்றது. இன்று லா கொமேராவிலிருந்து ஆன்டிகுவாவுக்கு ஆண்டுதோறும் நடக்கும் பந்தயத்தில், நால்வர் அணி ஒன்று 29 நாளில் சுமார் 3,000 மைலைக் கடந்துவிட்டது.

என் கருத்து இதுதான். 1966-இல் நடந்ததும் பந்தயமே. ஒரே கோட்டில் புறப்படவில்லை, விதிமுறை இல்லை, ஆபத்தென்றால் கூப்பிட யாரும் இல்லை. இன்றைக்குக் கட்டாயப் பயிற்சி, அவசர சமிக்ஞைக் கருவி என்று இருக்கும் ஏற்பாடு ஒவ்வொன்றும் அந்த இருவரிடம் இல்லாத ஒன்று. வென்றவர்கள் பெயரை உலகம் தானாகவே நினைவு வைத்துக்கொள்ளும். டேவிட் ஜான்ஸ்டன், ஜான் ஹோர். இந்தப் பெயர்களை நாம்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், நண்பர்களே.