கணக்குப் புத்தகத்தில் ஆரம்பித்த கொலை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவங்களோட உட்கார்ந்து படிங்க.

சில மாதங்களுக்கு முன்னாடி ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குப் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. மருத்துவர் என்பதால் டெங்கு, நீட், சத்துணவு இப்படி ஏதாவது பேசுவேன்னு எதிர்பார்த்திருப்பாங்க. நான் போர்டில் ஒரு கணக்கு எழுதினேன்.

ஒரு மனநலக் காப்பகம் கட்ட 60 லட்சம் ஆகிறது. ஒரு வீடு கட்ட 15,000 ஆகிறது. காப்பகம் கட்டாமல் அந்தப் பணத்தில் வீடு கட்டினால் எத்தனை வீடு கட்டலாம்?

நான் சாக்பீஸை கீழே வைக்கிறதுக்குள்ள முன் பெஞ்சில் இருந்து ஒரு பையன், "400 சார்!"

சரியான விடை. வகுப்பே கை தட்டியது.

அப்புறம்தான் சொன்னேன், இந்தக் கணக்கு என்னுடையது இல்லைன்னு. 1930களின் நடுவில், நாஜி ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அச்சடித்த கணக்குப் புத்தகத்தில் வந்தது. இதே மாதிரி இன்னும் பல கணக்குகள். ஒரு மனநோயாளிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு, ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு எவ்வளவு செலவு, ஒப்பிடு.

வகுத்தல் சரிதான். ஆனா கேள்விக்குள்ளேயே ஒரு முடிவை ஒளிச்சு வச்சிருக்காங்க, கவனிச்சீங்களா? நோயாளி இருக்கிறதாலதான் உனக்கு வீடு இல்லை என்கிற முடிவு. அதை யாரும் நிரூபிக்கல. பிள்ளைகள் வகுத்தாங்க, மார்க் வாங்கினாங்க.

1936இல் 14 வயதில் இந்தக் கணக்கைப் போட்டவனுக்கு 1940இல் 18 வயது. அந்த நாலு வருஷத்தில் இந்தக் கணக்கு எங்கே போய் நின்றதுன்னு பார்ப்போம்.

முதல் படி சட்டம். ஹிட்லர் பதவிக்கு வந்த ஆறே மாதத்தில், 1933 ஜூலை 14 அன்று, "பரம்பரை நோய்" உள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டம் வந்தது. பட்டியலில் மனச்சிதைவு, வலிப்பு, பிறவிப் பார்வையின்மை, காது கேளாமை, குடிப்பழக்கம் வரை இருந்தது. நோயாளியை அரசுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டியது டாக்டர். விசாரித்த நீதிமன்றத்தில் ஒரு நீதிபதிக்கு இரண்டு டாக்டர். ஆபரேஷன் செய்ததும் டாக்டர். சுமார் 4 லட்சம் பேருக்கு இப்படி நடந்தது.

இரண்டாவது படி ஒரு படிவம். 1939இல் காப்பகங்களுக்கு அரசிடமிருந்து வந்தது. என்ன நோய், எத்தனை வருஷமாக இருக்கிறார், வேலை செய்ய முடியுமா, என்ன இனம், பார்க்க யாராவது வருகிறார்களா?

கடைசிக் கேள்வியை இன்னொரு முறை படிங்க. கேட்க ஆள் இருக்கான்னு பார்க்கிறாங்க.

அந்தப் படிவங்களை மூன்று மனநல மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்ப்பாங்க. நோயாளியைப் பார்க்க மாட்டாங்க. காகிதத்தை மட்டும்தான். சாகட்டும்னா சிவப்பு பென்சிலில் பிளஸ். வாழட்டும்னா நீல பென்சிலில் மைனஸ்.

மூன்றாவது படி, பஸ். சாம்பல் நிற பஸ்கள் காப்பகங்களுக்கு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலுமாக மொத்தம் ஆறு இடங்கள். கிராஃபெனெக், பிராண்டன்பர்க், ஹார்ட்ஹைம், சோனன்ஸ்டைன், பெர்ன்பர்க், ஹடமார். குளிக்கும் அறை மாதிரி கட்டிய அறைக்குள் கார்பன் மோனாக்சைடு. அந்த வால்வைத் திறக்க வேண்டியது டாக்டர்தான் என்பது உத்தரவு.

பிறகு குடும்பத்துக்கு ஒரு ஆறுதல் கடிதம் போகும், பொய்யான இறப்புச் சான்றிதழோடு. எப்போதோ ஆபரேஷனில் குடல்வாலை எடுத்துவிட்ட ஒருவர் குடல்வால் அழற்சியால் இறந்தார்னு சான்றிதழ் வந்த கதைகள் உண்டு. சொந்தக்காரர்களுக்கு சந்தேகம் வந்தது இப்படித்தான்.

இந்தத் திட்டத்தின் தலைமை அலுவலகம் பெர்லினில், டீர்கார்டன் தெரு, கதவு எண் 4. அதனால்தான் டி4 என்று பெயர். 1940 ஜனவரியில் இருந்து 1941 ஆகஸ்ட் வரை, அவர்களே எழுதி வைத்த கணக்குப்படி 70,273 பேர்.

போர் முடிந்தபின் ஹார்ட்ஹைமில் ஒரு ஆவணம் கிடைத்தது. இத்தனை பேர் செத்ததால் பத்து வருஷத்தில் எவ்வளவு உருளைக்கிழங்கு, எவ்வளவு ரொட்டி, எவ்வளவு ஜாம், எவ்வளவு முட்டை மிச்சம்னு பட்டியல் போட்டிருந்தாங்க. மொத்தம் சுமார் 88 கோடி மார்க்.

கேள்வி பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தது. விடை இந்த ஆவணத்தில் இருந்தது.

இதோட முடியல. 1941 ஆகஸ்ட் 3 அன்று மியூன்ஸ்டர் பிஷப் கிளெமென்ஸ் ஆகஸ்ட் ஃபான் காலன் தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் இதைக் கொலைன்னே சொன்னார். அந்த மாதமே வாயு அறைகளை நிறுத்தச் சொல்லி ஹிட்லர் உத்தரவிட்டார். ஆனா பட்டினி போட்டும் மருந்தை அதிகமாகக் கொடுத்தும் 1945 வரை கொன்றார்கள். எல்லாம் சேர்த்து 2 லட்சத்துக்கும் மேல்.

வாயு அறையில் பழகிய ஆட்கள் போலந்துக்குப் போனார்கள். பெல்செக், சோபிபோர், டிரெப்ளிங்கா முகாம்களை நடத்தியது இவர்கள்தான். டிரெப்ளிங்காவின் முதல் தளபதி இர்ம்ஃப்ரீட் ஏபெர்ல் ஒரு டாக்டர். பிராண்டன்பர்க்கிலும் பெர்ன்பர்க்கிலும் இதே வேலையைப் பார்த்தவர். அந்த மூன்று முகாம்களில் மட்டும் சுமார் 15 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

இப்போ பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித் தர்றது?

நம்மில் பலர் முடிவில் இருந்து ஆரம்பிக்கிறோம். 60 லட்சம் யூதர்கள், பிணக் குவியல் படம், ஹிட்லர் மீசை. பிள்ளைகள் அதிர்ச்சி ஆவாங்க. "அரக்கனுங்க சார்"னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுவாங்க. அரக்கன்னு சொல்லிட்டா நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஆயிடும்.

அதனால வகுப்பில் நான் படிப்படியா ஆட்களைக் கேட்டேன். இந்த 70,273 பேரைக் கொல்ல யார் யார் தேவைப்பட்டாங்க?

பிள்ளைகளே சொன்னாங்க. புத்தகம் எழுதினவர். படிவம் நிரப்பின காப்பக டாக்டர். பென்சில் பிடிச்சவர். பஸ் டிரைவர். உடை மாற்றிவிட்ட நர்ஸ். கடிதம் டைப் அடிச்ச பெண். போர்டு நிறைய ஆச்சு. ஒவ்வொருத்தரும் செய்தது ஒரு சின்ன வேலை.

ஒரு மாணவி கேட்டாள், "வெளியில யாருக்கும் தெரியாதா சார்?"

தெரியும். ஹடமாரில் பள்ளிப் பிள்ளைகளுக்கே அந்த பஸ் எதுக்கு வருதுன்னு தெரிஞ்சிருந்தது. சண்டை போடும்போது உன்னையும் அங்கதான் அனுப்பணும்னு ஒருத்தரையொருத்தர் சொல்லிக்குவாங்களாம். அந்தப் பகுதி பிஷப் 1941இல் நீதி அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கு.

அடுத்த கேள்வி எப்பவும் வரும். "முடியாதுன்னு சொன்னா சுட்டிருப்பாங்கல்ல?"

இங்கேதான் வரலாறு தெரிஞ்சிருக்கணும். கோட்டிங்கன் மனநலப் பேராசிரியர் காட்ஃபிரீட் ஏவால்டை 1940இல் பெர்லினுக்குக் கூப்பிட்டு, படிவம் பார்க்கும் வேலைக்கு வரச் சொன்னாங்க. மாட்டேன்னு சொல்லிட்டு வந்தார். பேராசிரியராகவே தொடர்ந்தார். தன் மருத்துவமனையில் இருந்த எல்லாரையும் அவரால் காப்பாற்ற முடியல. ஆனா பென்சிலை அவர் கையில் எடுக்கல.

பிராண்டன்பர்க்கில் லோதார் கிரைசிக் என்று ஒரு நீதிபதி. தன் பொறுப்பில் இருந்த நோயாளிகள் வரிசையா சாகிறதைக் கவனிச்சார். நீதி அமைச்சருக்கு எழுதினார். திட்டத்தின் தலைவர் ஃபிலிப் பூலர் மேலேயே கொலைப் புகார் கொடுத்தார். ஹிட்லர் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினாங்க. இது சட்டம் ஆகாதுன்னு சொன்னார். வேலையை விட்டு அனுப்பினாங்க. அவ்வளவுதான். 1986 வரை உயிரோட இருந்தார்.

எல்லாருக்கும் இப்படி முடியலைன்னும் சொல்லணும், மறைக்கக் கூடாது. மியூனிக் மருத்துவ மாணவர் ஹான்ஸ் ஷோல், தங்கை சோஃபி, நண்பர் கிறிஸ்டோஃப் புரோப்ஸ்ட் மூவரும் துண்டுப் பிரசுரம் போட்டதுக்காக 1943 பிப்ரவரி 22 அன்று தலை வெட்டப்பட்டாங்க. சோஃபிக்கு 21 வயது. அண்ணனும் தங்கையும் ஒரு காலத்தில் ஹிட்லரின் இளைஞர் அமைப்பில் ஆசையா சேர்ந்தவங்கதான். மனசு மாறலாம் என்பதையும் பிள்ளைகள் தெரிஞ்சுக்கணும்.

எதிர்ப்புக்கு விலை உண்டு. ஆனா படிவம் வந்த கட்டத்தில் வேண்டாம்னு சொல்ல ஆன விலை, பலர் பின்னாடி கோர்ட்டில் சொன்ன அளவுக்குப் பெருசு இல்லை.

என் கதையும் ஒண்ணு சொல்லணும். ஹவுஸ் சர்ஜன் காலத்தில் எங்க வார்டில் ஒரு பெரியவர் மாசக்கணக்கா கிடந்தார். பேச்சு கிடையாது. பார்க்க யாரும் வரல. கூட்டம் அதிகமான ஒரு ராத்திரி, "அந்த பெட் வேஸ்ட்"னு நான் சொன்னேன். கூட இருந்தவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நான் யாரையும் கொல்லல, அது உண்மை. ஆனா அவரை வேஸ்ட்னு சொல்லத் தெரியாததால "பெட்"னு சொன்னேன். டி4 படிவம் பற்றி முதல் முறை படிச்சப்போ எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன ஒழிப்பைப் பாடமா எடுக்கும்போது கடைசிப் பக்கத்தில் ஆரம்பிக்காதீங்க. கணக்கில் ஆரம்பிங்க. பஸ் டிரைவர் இடத்தில் நின்னு யோசிக்க வைங்க. மாட்டேன்னு சொன்னவங்க பெயரையும் சொல்லுங்க. செத்தவங்களை எண்ணிக்கையா மட்டும் விட்டுடாதீங்க. எண்ணிக்கையாப் பார்த்ததுதான் ஆரம்பமே.

வகுப்பு முடிஞ்சு கிளம்பும்போது, 400னு சொன்ன பையன் வராண்டாவில் நின்னுட்டிருந்தான்.

"சார், நான் கணக்கை மட்டும்தான் பார்த்தேன்."

தோளில் கை போட்டுக்கிட்டு சொன்னேன், "நானும் ஒரு தடவை பெட்டை மட்டும்தான்பா பார்த்தேன்."

ஒரு ஆசிரியராவது படிக்கட்டும்னு எழுதினேன். தெரிஞ்ச ஆசிரியர் இருந்தா அனுப்புங்க.