சௌமகல்லா மஞ்சள் காரும் அச்சுத்தண்டின் நடுக்கமும்

ஐதராபாத்தின் சௌமகல்லா அரண்மனையில் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று நிற்கிறது. ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் தருவித்த 'சில்வர் கோஸ்ட்' வகைக் கார் அது. 1911 ஆகஸ்டில் அவர் மறைந்துவிட, மகன் உஸ்மான் அலி கானின் ஆட்சியில்தான் கார் வந்து சேர்ந்தது. பார்வையாளர்கள் அதன் அரியணை இருக்கையை வியந்துவிட்டு நகர்கின்றனர். ஆயினும் தொழில்நுட்ப வரலாற்றுக்கு முதன்மையானது இருக்கையன்று, முன்மூடிக்குள் இருக்கும் ஆறு சிலிண்டர் எஞ்சின்.

அவ்வகை எஞ்சின் எளிதில் கைவந்ததன்று. ரோல்ஸ் ராய்ஸின் முந்தைய 30 குதிரைத்திறன் கார்களில் கிராங்க் தண்டுகள் முறிந்தன. உலோகம் தரம் குறைந்ததல்ல. நீண்ட தண்டு ஒவ்வொரு வெடிப்பிலும் சற்றே முறுகி மீள்கிறது. வெடிப்புகளின் தாளம் தண்டின் இயல்பான முறுக்கதிர்வோடு பொருந்தும் வேகத்தில் ஒத்ததிர்வு எழுந்து, முறுக்கம் பெருகிக்கொண்டே போகிறது. ராய்ஸ் தண்டின் முன்முனையில் உராய்ந்து நழுவும் சிறு சக்கரமொன்றைப் பொருத்தினார். புதிய எஞ்சினின் தண்டைத் தடிப்பாக்கி ஏழு தாங்கிகளில் அமர்த்தினார். ஏறத்தாழ அதே காலத்தில் பிரெடெரிக் லான்செஸ்டரும் இத்தகைய கருவியை உருவாக்க, முதல்வர் யார் என்பது சர்ச்சையாயிற்று.

ஜெர்மனியில் ஹெர்மன் ஃப்ராம் வேறு வழியில் சென்றார். 1902இல் கப்பல் உந்துதண்டுகளின் முறுக்கதிர்வை ஆராய்ந்த அவர், 1909இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நடுங்கும் பொருளோடு ஒரு சிறு நிறையைச் சுருளால் இணைத்து, அதன் அதிர்வெண்ணைத் தொல்லை தரும் அதிர்வெண்ணுக்கே இசைவித்துவிட்டால், சிறியது நடுங்கும், பெரியது அமைதியுறும். இங்கு ஆற்றல் உராய்வில் வெப்பமாகி அழிவதில்லை. எதிர்விசை ஒன்று பிறக்கிறது, அவ்வளவே. 1928இல் ஆர்மண்ட்ராய்டும் டென் ஹார்ட்டாக்கும் இதற்குக் கணிதக் கோட்பாடு தந்தனர். சிறிதளவு உராய்வும் சேர்ந்தால் கருவி பயன்படும் வேக எல்லை விரிகிறது என்பது அக்கோட்பாட்டின் அரிய பேறு.

ராய்ஸின் கருவி ஆற்றலைக் கரைக்கிறது; ஃப்ராமின் கருவி அதை ஈர்த்துக்கொள்கிறது. ஆங்கிலப் பட்டறை வழக்கோ இரண்டையும் 'டாம்பர்' என்றே அழைக்கிறது. தமிழ்ப் பாடநூலின் 'தடையுறு அலைவு' முதல் வகைக்கே பொருந்தும். இரண்டாவதற்கு அதை நீட்டினால் மாணவர் தவறாகவே விளங்கிக்கொள்வர். கலைச்சொல் ஆக்கத்தை ஐதராபாத் விளையாட்டாகக் கருதிய ஊரன்று. 1917இல் அங்கு மொழிபெயர்ப்புப் பணியகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டில் உருதுவழிக் கல்விக்கென உஸ்மானியா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1921இல் அதன் பேராசிரியர் வஹீதுத்தீன் சலீம் கலைச்சொல்லாக்க நெறிகளுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். 1948க்குப் பின் பயிற்றுமொழி ஆங்கிலமாக, அந்த உழைப்பின் பெரும்பகுதி வகுப்பறையை விட்டு நீங்கியது. இழப்பு உருதுவுக்கு மட்டும் உரியதன்று.

இவ்வேறுபாட்டின் பயன் இன்றைய காரின் அடியில் தெரியும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததிலிருந்து இந்தியாவில் முன்சக்கர இயக்கம் பெருகிற்று. எஞ்சினும் கியர்பெட்டியும் குறுக்காக அமைவதால் இருபுற டிரைவ் ஷாஃப்டுகளும் பெரும்பாலும் சமநீளம் பெறுவதில்லை. நீண்டது எளிதில் வளையும். அதன் இயல்பதிர்வெண் தாழும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் நொடிக்கு 100 வெடிப்புகளைத் தருகிறது. ஷாஃப்டின் அதிர்வெண் இத்தகைய தாளத்தில் சிக்கினால் காருக்குள் கம்மென்று ஓர் ஓசை நிறையும். அதனாலேயே பல கார்களில் நீண்ட ஷாஃப்டின் நடுவே, ரப்பரில் பொதிந்த இரும்பு வளையம் ஒன்று இறுக்கப்படுகிறது. ரப்பரே சுருள், ரப்பரே உராய்வு: ஃப்ராமும் டென் ஹார்ட்டாக்கும் ஒரே வளையத்தில்!

அதனைக் கழற்றினாலும் கார் ஓடும். ஷாஃப்ட் மாற்றும்போது வளையமில்லாத ஒன்றைப் பொருத்தினாலும் உடனே வேறுபாடு தெரியாது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் முனகல் எழும். உரிமையாளர் டயரையும் பேரிங்கையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்.