என்ஜின் ஆடினா கிளட்ச் உதறும்: ஒரு ரப்பர் துண்டோட கதை

பழைய கார்ல யாராவது உங்கள ஏத்திட்டுப் போயிருந்தா இந்த அனுபவம் நிச்சயம் இருக்கும். ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்சை மெதுவா விடுறாங்க. வண்டி சும்மா நகராது. கடகடகடன்னு மொத்த உடம்பும் ஒரு உதறு உதறிட்டு, அப்புறம்தான் கிளம்பும். ஓட்டுறவர் உடனே உங்க பக்கம் திரும்பி, "கிளட்ச் போயிடுச்சு, மாத்தணும்"னு சொல்லுவார்.

என் சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். அவர்கிட்ட இருந்த பழைய காருக்கு ரெண்டு தடவை கிளட்ச் பிளேட் மாத்தினாங்க. ஒவ்வொரு தடவையும் கியர்பாக்ஸை இறக்கி ஏத்தணும், ரெண்டு நாள் வேலை. உதறல் மட்டும் அப்படியே இருந்துச்சு. கடைசியா ஒரு வயசான மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறந்து வெச்சுட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்சை லேசா விடச் சொன்னார். என்ஜின் ஒரு பக்கமா எழும்பிச் சாஞ்சது எங்க எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சது. மவுண்டிங் ரப்பர் எண்ணெய்ல ஊறி, கொழகொழன்னு ஆகியிருந்துச்சு. அதை மாத்தினதும் உதறல் போயே போச்சு. அந்த ரப்பர் எப்படி கார்க்குள்ள வந்துச்சுங்கறதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல கிளட்ச் ஏன் உதறுதுன்னு பார்த்துடுவோம். கரும்பலகையில சாக்பீஸைக் கொஞ்சம் செங்குத்தாப் பிடிச்சு இழுத்தா கீச்சுன்னு கத்தும் இல்லையா? சாக்பீஸ் ஒட்டுது, வழுக்குது, மறுபடி ஒட்டுது. அதுதான் அந்தச் சத்தம். கிளட்ச் பிளேட்டும் ஃப்ளைவீலும் சேரும் அந்த ஓரிரு வினாடியில இதே வேலைதான் நடக்குது. ஃபேசிங்ல எண்ணெய் பட்டிருந்தாலோ, ஃப்ளைவீல்ல சூட்டுத் திட்டுகள் இருந்தாலோ, பிரஷர் பிளேட் ஒரு பக்கம் முன்னாடி தொட்டாலோ இது அதிகமாகும்.

ஆனா கொஞ்சம் ஒட்டி வழுக்குறது எல்லா கிளட்ச்லயும் உண்டு. அது வண்டியையே உலுக்குற அளவுக்கு வளரணும்னா, கூட ஆடுறதுக்கு ஒரு ஆள் வேணும். லூஸா தொங்குற என்ஜின்தான் அந்த ஆள். கிளட்ச் பிடிச்சதும் என்ஜின் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கும். வழுக்கினதும் ரப்பர் அதைத் திருப்பித் தள்ளும். மறுபடி பிடிக்கும், மறுபடி முறுக்கும். ஊஞ்சல்ல ஒருத்தர் சரியான நேரத்துல தள்ளிக்கிட்டே இருக்கிற மாதிரி.

அப்போ என்ஜினை அசையாம போல்ட் போட்டு இறுக்கிட வேண்டியதுதானே? ஆரம்பகால கார்கள் பலதிலும் அப்படித்தான் இறுக்கி வெச்சிருந்தாங்க. அதுல வேற தலைவலி. நாலு சிலிண்டர் என்ஜின்ல கிராங்க் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள ரெண்டு தடவை முறுக்கு அடி விழும். பிஸ்டன்கள் மேலும் கீழும் போறதுல மிஞ்சுற அதிர்வும் அதே கணக்குதான், சுத்துக்கு ரெண்டு. அந்த அதிர்வு எல்லாம் நேரா சேஸிஸ், அங்கிருந்து சீட், ஸ்டீயரிங், உங்க பல்லு. காசு இருந்தவங்க ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர்னு போயிட்டாங்க. 1929 பங்குச்சந்தைச் சரிவுக்கு அப்புறம் அமெரிக்காவுல அந்தக் காசு எத்தனை பேர்கிட்ட இருந்திருக்கும்?

இந்த இடத்துலதான் வால்டர் கிறைஸ்லர் வர்றார். 1931 ஜூலையில அவரோட கம்பெனி பிளைமவுத் பி.ஏ. மாடலை இறக்குச்சு. நாலே சிலிண்டர், 56 குதிரைத்திறன். புதுசா இருந்தது அதுக்கு வெச்ச பேரு: 'ஃப்ளோட்டிங் பவர்', அதாவது மிதக்கும் சக்தி. பேரைக் கேட்டா வெறும் விளம்பரம் மாதிரி இருக்கும். உள்ள இருந்த யோசனை உண்மையிலேயே அழகானது. மத்தவங்களும் ரப்பர் போட்டுப் பார்த்தவங்கதான், ஆனா ரப்பரை எங்க போடணும்னு சரியா யோசிச்சது இங்கதான். முன்னாடி மவுண்ட் உயரத்துல, வாட்டர் பம்ப்புக்குக் கிட்ட. பின்னாடி மவுண்ட் தாழ்வா, கியர்பாக்ஸுக்கு அடியில. இந்த ரெண்டு புள்ளியையும் ஒரு கோடு போட்டு இணைச்சா, அது என்ஜினோட எடை மையம் வழியாப் போகும். அதனால என்ஜின் தன்னோட இயல்பான அச்சுல ஆடிக்கும், அந்த ஆட்டம் சேஸிஸுக்கு அவ்வளவா வராது.

முழு சுதந்திரமும் குடுக்கல, கவனிங்க. என்ஜின் ஒரேயடியா சாஞ்சிடக் கூடாதுன்னு பக்கவாட்டுல ஒரு பட்டை ஸ்பிரிங் வெச்சுக் கட்டியிருந்தாங்க. ஆடலாம், ஆனா இவ்வளவுதான் ஆடலாம். பழைய கார் வெச்சிருக்கிற நிறைய பேர் மறந்துடுற பாகம் அந்த ஸ்பிரிங்தான். ரப்பரை மட்டும் புதுசா போட்டுட்டு அதை விட்டுட்டா உதறல் எப்படிப் போகும்?

புது பிளைமவுத் ஒன்றை வால்டர் கிறைஸ்லரே ஓட்டிக்கிட்டுப் போய் ஹென்றி ஃபோர்டுக்கும் மகன் எட்செலுக்கும் காட்டி, அங்கேயே அவங்களுக்குப் பரிசாக் குடுத்துட்டு, டாக்ஸி பிடிச்சுத் திரும்பினார்னு ஒரு கதை ரொம்பப் பிரபலம். போட்டிக் கம்பெனிக்காரன் வாசல்ல போய் இப்படிச் செய்ய எவ்வளவு தெனாவட்டு வேணும்! பிரான்ஸ்ல ஆந்த்ரே சிட்ரோயன் இதுக்கான உரிமையை வாங்கி, 1932-லிருந்து தன் கார்கள்ல போட்டார். தண்ணில மிதக்கிற ஒரு அன்னத்தை அதுக்குச் சின்னமா வெச்சார். பழைய சிட்ரோயன் ரேடியேட்டர்ல அந்த அன்னத்தைப் பார்த்தா, அது ரப்பர் மவுண்டுக்காக வந்த பறவைன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்போ பயணிக்கு சொகுசு வந்துடுச்சு. ஆனா என்ஜின் ஆட ஆரம்பிச்சதும் அதைச் சுத்தி இருந்த எல்லாத்துக்கும் பிரச்சினை. முக்கியமா கிளட்ச் பெடல். ஃபோர்டு மாடல் ஏ-ல பெடல்கள் கியர்பாக்ஸ் மேலேயே உட்கார்ந்திருக்கும். என்ஜின் ஆடினா பெடலும் கூட ஆடும், ரெண்டுக்கும் நடுவுல இழுபறி கிடையாது. பெடல் சேஸிஸ்லயும் கிளட்ச் என்ஜின்லயும் இருந்து, நடுவுல இரும்புக் கம்பி போகுதுன்னு வெச்சுக்கோங்க. அப்போ என்ஜின் அசையுற ஒவ்வொரு தடவையும், உங்க கால் அசையாமலே கிளட்ச் கொஞ்சம் அழுந்தும், கொஞ்சம் விடும். அதாவது என்ஜினே கிளட்சை மிதிச்சு மிதிச்சு விடுது. சாக்பீஸ் கீச்சு பூகம்பமா மாறுறது இப்படித்தான்.

1959-ல மினி வந்தப்போ கணக்கு இன்னும் கடுமையாச்சு. அலெக் இசிகோனிஸ் என்ஜினைக் குறுக்கே திருப்பி, கியர்பாக்ஸை அதுக்கு அடியிலேயே வெச்சு, முன் சக்கரத்தை ஓட்ட வெச்சார். பின்சக்கரம் ஓட்டுற கார்ல கடைசிக் கியரோட முறுக்கைப் பின் ஆக்ஸில் தாங்கிக்கும். மினில எல்லாமே ஒரே மூட்டை. ஃபர்ஸ்ட் கியர் 3.63, கடைசிக் கியர் 3.765. பெருக்கிப் பாருங்க, என்ஜினோட முறுக்கு கிட்டத்தட்ட 14 மடங்கா அந்த மவுண்டுகள் மேல வந்து விழுது. அதுக்காக என்ஜின் பிளாக்கோட மேல்பக்கத்திலிருந்து பின்னாடி பல்க்ஹெட்டுக்கு ஒரு சின்னக் கம்பி, ரெண்டு முனையிலயும் ரப்பர் புஷ். அந்த புஷ் தேஞ்சா கிளட்ச் உதறும், கொஞ்ச நாள்ல எக்ஸாஸ்ட் பைப்பும் விரிசல் விடும். பிற்கால மினிகள்ல கீழேயும் ஒரு கம்பி சேர்த்தாங்க.

அதனால உங்க வீட்டுப் பழைய கார் உதறினா, கியர்பாக்ஸை இறக்கச் சொல்றதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து என்ஜினை ஆட்டிப் பாருங்க. ரப்பர் எண்ணெய்ல ஊறியிருக்கா, இரும்பை விட்டுப் பிரிஞ்சிருக்கா, கட்டுக்கம்பி இருக்க வேண்டிய இடத்துல இருக்கான்னு பாருங்க. ஆட்டமே கூடாதுன்னு ரப்பருக்குப் பதிலா இரும்புத் துண்டு போடுறவங்களும் இருக்காங்க. ரேஸ் வண்டின்னா சரி. வீட்டு வண்டில அப்படிப் பண்ணினா 1931-ல தீர்த்து வெச்ச பிரச்சினையைக் காசு குடுத்துத் திரும்ப வாங்குறீங்க. மவுண்ட் எல்லாம் சரியா இருந்தும் உதறினா அப்போ கிளட்சைத் திறக்கலாம். ஒரு விஷயம், பழைய ஃபேசிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உள்ள இருக்கிற தூசியைக் காத்தடிச்சு மட்டும் ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க.

எனக்குப் பிடிச்ச தீர்வு ஃபோக்ஸ்வாகன் பீட்டில்ல இருக்கு. 2 கோடிக்கும் மேல செஞ்ச கார் அது. என்ஜினும் கியர்பாக்ஸும் பின்னாடி ரப்பர்ல உட்கார்ந்திருக்கும், கிளட்ச் பெடல் முன்னாடி இருக்கும், நடுவுல நீளமா ஒரு கேபிள். அந்த கேபிள் கியர்பாக்ஸ்கிட்ட போய்ச் சேருறதுக்கு முன்னாடி ஒரு வளையுற குழாய் வழியாப் போகும். அந்தக் குழாய் நேரா இருந்தா வண்டி உதறும். அது 25-லிருந்து 45 மில்லிமீட்டர் வரைக்கும் தொய்ஞ்சு இருக்கணும். அந்த வளைவுல கேபிள் லேசா உரசுறதால என்ஜினோட சின்னச் சின்ன ஆட்டம் கிளட்சை இழுக்காம அங்கேயே அடங்கிடும். தொய்வு பத்தலைன்னா குழாய் முனையில ஒன்னு ரெண்டு வாஷர் சேர்ப்பாங்க, அவ்வளவுதான். கியர்பாக்ஸை இறக்கவே வேண்டாம்.