வென்டிலேட்டரில் அடித்த பலகை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். வீட்டில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்றே படித்துவிடுங்கள்.

சென்ற தை மாதம் எங்கள் வீட்டில் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். ஓசூர்க் குளிரைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். மார்கழி, தை விடியற்காலையில் குளியலறை வென்டிலேட்டர் வழியாக வரும் காற்று ஊசி போலக் குத்தும். அதனால் நானே ஒரு பிளைவுட் பலகையை அளவாக அறுத்து, நான்கு ஆணி அடித்து, அதை அடைத்துவிட்டேன். "இப்பத்தான் குளிராம இருக்குதுங்க" என்று வீட்டில் பாராட்டு வேறு.

ஒன்பதாம் நாள் காலை குளிக்கப் போன என் மனைவி வெகுநேரம் வெளியே வரவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. தாழ்ப்பாள் போடாமல் கதவை வெறுமனே சாத்திக்கொள்வது அவருடைய பழக்கம். அதற்காக எத்தனையோ முறை கடிந்திருக்கிறேன். அன்று அந்தப் பழக்கம்தான் அவரைக் காப்பாற்றியது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மாலையில் கண் விழித்து, "அடுப்புல பால் வெச்சேனே" என்றார்.

டாக்டர் என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். "கேஸ் கீசரா?" "காத்து வர வழி இருந்துச்சா?" இரண்டாவது கேள்விக்கு என்னால் வாய் திறக்க முடியவில்லை. எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடி, "பாருங்க பிள்ளைகளே, எரிவதற்குக் காற்று வேண்டும்" என்று முப்பது வருடத்துக்கும் மேல் உங்களுக்கு நடத்திக் காட்டியவன் நான். அந்த டம்ளரை என் வீட்டிலேயே கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

செய்தி கேட்டுப் பார்க்க வந்தான் பழைய மாணவன் ஒருவன். சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஏ.சி. டக்ட் வேலை பார்க்கிறான். பலகையைப் பார்த்துவிட்டு, "சார், எங்க கம்பெனில ஒரு அறையை மூடினா, அதுல எவ்வளவு காத்து கசியுதுன்னு அளந்து எழுதி வைக்கணும் சார். வீட்டுல யாரும் அளக்கறதே இல்லை" என்றான். காற்றுக் கசிவை அளக்க முடியுமா என்று கேட்டேன். அவன் சொன்னதில் ஆரம்பித்து, பிறகு நானாகத் தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஜெர்மனியின் மியூனிக் நகரம். மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் (1818–1901) என்று ஒரு சுகாதார அறிஞர். ஒரு வீட்டுக்குள் மணிக்கு எவ்வளவு புதுக்காற்று வருகிறது என்று அளந்து பார்த்த முன்னோடி அவர். 1858இல் அதைப் பற்றி எழுதினார். அறைக்குள் கரியமில வாயுவைக் கூட்டிவிட்டு, அது எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்று பார்ப்பதுதான் அவர் முறை. குறையும் வேகத்தை வைத்து உள்ளே வந்த புதுக்காற்றைக் கணக்கிட்டார். 75 கன மீட்டர் கொள்ளளவுள்ள அவருடைய அறையில், வெளியே கடுங்குளிராக இருந்தபோது, மணிக்கு சுமார் 75 கன மீட்டர் காற்று மாறியது. பிறகு கண்ணுக்குத் தெரிந்த சந்து பொந்துகளையெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்தார். அப்போதும் 54 கன மீட்டர் மாறிக்கொண்டுதான் இருந்தது. செங்கல் வழியாகவே காற்று போகும் என்பதைக் காட்ட, சுவரின் ஒரு பக்கம் குழாய் வைத்து ஊதி மறுபக்கம் இருந்த மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். அறைக்காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று அவர் சொன்ன அளவு இன்றும் பேசப்படுகிறது.

அவருடைய கவலை ஒன்றே ஒன்றுதான்: உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று போதுமா?

அடுத்த நூறு ஆண்டில் கேள்வி தலைகீழாகிவிட்டது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நம் ஊரில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயின் விலை எகிறியது. சூடாக்கிய காற்று எந்தப் பொந்து வழியாகத் தப்பிக்கிறது என்று எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள்.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பை பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970களில் வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். கூரையடியில் பஞ்சுப் போர்வை போல வெப்பத்தடுப்பு போட்டும் வீடுகள் சூட்டை இழந்துகொண்டிருந்தன. கணக்குப்படி இழக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. கௌதம் தத் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சுவருக்குள்ளும் குழாய்களைச் சுற்றியும் விட்ட இடைவெளிகள் வழியாகச் சூடான காற்று நேராகப் பரணுக்கு ஏறிக்கொண்டிருந்தது. போர்வை கனமாக இருந்து என்ன பயன், நடுவில் ஓட்டை இருந்தால்?

அந்த ஓட்டைகளை அளக்க ஒரு கருவி வந்தது. 1977 வாக்கில் ஸ்வீடனில் ஜன்னலில் ஒரு மின்விசிறியைப் பொருத்தி வீட்டைச் சோதித்தார்கள். அங்கிருந்து பிரின்ஸ்டனுக்கு அந்த யோசனை போனது. அங்கே விசிறி ஜன்னலிலிருந்து வாசற்கதவுக்கு இறங்கியது. 'புளோயர் டோர்' என்ற பெயரும் நிலைத்தது. அதே காலத்தில் கனடாவில் ஹெரால்ட் ஆர் என்ற பொறியாளர் குழுவும் தனியாக இப்படி ஒரு கருவியைச் செய்தது.

வேலை செய்யும் விதம் எளிது. ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டு, வாசலில் பொருத்திய விசிறியால் உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுவார்கள். உள்ளே அழுத்தம் குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட வெளிக்காற்று எல்லா ஓட்டைகளிலும் பாய்ந்து வரும். உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் 50 பாஸ்கல் வரும்வரை விசிறியைக் கூட்டுவார்கள். 50 பாஸ்கல் என்றால் பயப்பட வேண்டாம். ஸ்ட்ராவில் தண்ணீரை 5 மில்லிமீட்டர் உயர்த்தும் உறிஞ்சல்தான். அந்த நிலையில் விசிறி மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறதோ, அத்தனை காற்று ஓட்டைகள் வழியாக உள்ளே வருகிறது என்று பொருள்.

ஒரு கணக்கு போடுவோம், பழக்கம் விடவில்லை. 1000 சதுர அடி வீடு, 10 அடி உயரம். 10,000 கன அடி, அதாவது சுமார் 283 கன மீட்டர். விசிறி மணிக்கு 2830 கன மீட்டர் தள்ளினால், வீட்டுக் காற்று மணிக்கு 10 முறை மாறுகிறது. இது சோதனை அழுத்தத்தில். சாதாரண நாளில் எவ்வளவு மாறும் என்பதற்குக் குளிர் நாடுகளில் 20ஆல் வகுத்துத் தோராயமாகச் சொல்வார்கள். மணிக்கு அரை முறை.

1977இல் கனடாவின் ரெஜைனா நகரில் 'சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ்' என்ற மாதிரி வீட்டைக் கட்டினார்கள். ஹெரால்ட் ஆர் அதில் முக்கியப் பங்கு வகித்தார். சோதனையில் அந்த வீட்டின் அளவு மணிக்கு 0.8 முறைதான். பூட்டிய பெட்டி மாதிரி. ஆனால் கட்டியவர்கள் ஒன்றை மறக்கவில்லை. ஓட்டைகளை அடைத்த கையோடு, கெட்ட காற்றை வெளியே அனுப்பி, அதன் சூட்டை மட்டும் வாங்கிப் புதுக்காற்றுக்குக் கொடுக்கும் ஒரு கருவியையும் வைத்தார்கள். என் பலகைக்கும் அவர்கள் வேலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நான் அடைத்தேன், வழி விடவில்லை.

அடுத்து டக்ட். இது என் மாணவன் தொழில். 1980களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஜிம் கம்மிங்ஸ், ஜான் டூலி போன்றவர்கள் ஏ.சி. குழாய்களின் கசிவை ஆராய்ந்தார்கள். பரணில் ஓடும் டக்டின் இணைப்புகள் பிரிந்திருந்தால், குளிர்ந்த காற்று பரணுக்குப் போகிறது, அல்லது பரணின் வெந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வீட்டுக்காரருக்குக் கண்ணில் படுவது கரண்ட் பில் ஒன்றுதான். இதை அளக்கவும் ஒரு சிறிய விசிறி வந்தது. டக்டின் எல்லா வாய்களையும் டேப் ஒட்டி மூடிவிட்டு, ஒரு வாயில் விசிறியைப் பொருத்தி, வழக்கமாக 25 பாஸ்கல் அழுத்தத்தில் அளப்பார்கள்.

அந்த ஆய்வுகளில் இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. அதைப் படித்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. டக்ட் கசிவாலோ எக்ஸாஸ்ட் ஃபேனாலோ ஒரு வீட்டுக்குள் அழுத்தம் குறைந்தால், எப்படியாவது காற்றை உள்ளே இழுக்க வீடு வழி தேடும். வேறு வழி இல்லையென்றால் கேஸ் ஹீட்டரின் புகைபோக்கி வழியாகவே இழுக்கும். வெளியே போக வேண்டிய புகை திரும்பி உள்ளே வரும். அதனால்தான் அங்கெல்லாம் ஒரு வீட்டின் கசிவை அடைக்கப் போகிறவர்கள், எரியும் கருவிகளின் புகை ஒழுங்காக வெளியே போகிறதா என்றும் சோதிக்கிறார்கள். எண்ணெய்க் கணக்கில் கிளம்பிய அளவை, சுற்றிவந்து பெட்டன்கோஃபரின் கேள்வியிலேயே நின்றது: உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று போதுமா?

இனி நம் பக்கம். நம் பழைய ஓட்டு வீடுகளில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. விறகடுப்புப் புகை ஓட்டுச் சந்து வழியாக ஏறிப் போய்விடும். கண் எரியும், சுவர் கரியாகும், அது வேறு கஷ்டம். ஆனால் வீடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வெயில் ஊர்களில் படித்த கட்டடக் கலைஞர்களும் அதையே செய்தார்கள். புதுச்சேரியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து 1940களின் தொடக்கத்தில் முடிந்த 'கோல்கொண்ட்' விடுதியில் வழக்கமான ஜன்னலே கிடையாது. சுவர் முழுக்கத் திறந்து மூடும் பலகைத் தட்டிகள்.

நம் அரசு விதியும் அதே வழியில்தான் போகிறது. வீடுகளுக்காக 2018இல் வந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதி, வீட்டின் தரைப்பரப்பில் இத்தனை சதவீதம் திறக்கக்கூடிய ஜன்னல், கதவு, வென்டிலேட்டர் இருக்க வேண்டும் என்கிறது. சென்னை போன்ற புழுக்கமான ஊர்களுக்கு 16.66 சதவீதம். பெங்களூரு போன்ற மிதமான ஊர்களுக்கு 12.5 சதவீதம். நம் ஓசூர் குளிருக்கு பெங்களூருக் கணக்கையே வைத்துக்கொண்டாலும், 1000 சதுர அடி வீட்டுக்கு 125 சதுர அடி. உங்கள் வீட்டில் ஒரு நாள் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

ஏ.சி. போட்டே ஆக வேண்டிய இடங்களுக்கும் நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையின் கட்டுநாயக்கவில், நம் சிப்காட் மாதிரியான ஏற்றுமதி வலயத்தில், ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பித்து 'ஸ்டார் இன்னோவேஷன் சென்டர்' என்ற ஆடைத் தயாரிப்பு மையத்தை அமைத்தார்கள். ஜெர்மனியின் 'பாசிவ் ஹவுஸ்' சான்று பெற்ற கட்டடம் அது. அந்தச் சான்றுக்குக் கசிவுச் சோதனை கட்டாயம். இறுக்கமாக மூடிய கட்டடத்துக்குள் தையல் வேலை செய்பவர்களுக்குப் புதுக்காற்று இடைவிடாமல் வர ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

என் மாணவன் வேலை செய்யும் சுத்த அறையிலும் அப்படித்தானாம். அறை அழுத்தத்தை வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பார்கள். கசிந்தால் காற்று வெளியேதான் போகும், தூசி உள்ளே வராது. அதற்காக ஒவ்வொரு வாசலிலும் ஒரு அழுத்தமானி. நம் மாவட்டத்தில் எத்தனையோ பிள்ளைகள் இப்படிப்பட்ட அறைகளில் ஷிப்ட் பார்க்கிறார்கள். கம்பெனியில் ஒரு பாஸ்கல் குறைந்தாலும் எழுதி வைக்கிறவர்கள், வாடகை வீட்டுக்கு வந்ததும் கொசுவுக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டு கேஸ் கீசரைத் திருப்புகிறார்கள். இந்தப் பதிவு முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

கடைசிக் கணக்கு. எங்கள் குளியலறை ஐந்தடிக்கு ஏழடி, உயரம் ஒன்பதடி. 315 கன அடி, சுமார் 9 கன மீட்டர். ஒரு கிலோ சமையல் கேஸ் முழுதாக எரிய 12 கன மீட்டருக்கும் மேல் காற்று வேண்டும். கால் கிலோ எரிந்தால் 3 கன மீட்டர். அதாவது ஒரே குளியலில் அறைக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு. காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பற்றோடு ஒட்டிக்கொள்ளும். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். பலகை அடிப்பதற்கு முன் நான் போடவில்லை.

உங்களுக்கு நான் தரும் வீட்டுப்பாடம்:

கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். வென்டிலேட்டரை எதற்காகவும் அடைக்காதீர்கள். கொசுவுக்கு வலை போதும். குளிக்கும்போது தலைவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். சூடு இறங்காமலிருக்க ஏ.சி. அறையின் கதவிடுக்கை அடைப்பது தவறில்லை. ஆனால் அந்த அறைக்குள் அடுப்போ கரிச்சட்டியோ வைக்காதீர்கள்.

புளோயர் டோர் இல்லையே என்று கவலை வேண்டாம். என் மாணவன் காட்டிக் கொடுத்த சோதனை இது. சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். அடுப்பு, கீசர் எதுவும் எரியக் கூடாது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் போடுங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரம், கதவின் அடி, குழாய் நுழையும் இடம் என்று மெதுவாகக் காட்டுங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே காற்று நுழைகிறது. எங்கேயுமே வளையவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். முதலில் ஒரு ஜன்னலைத் திறங்கள்.

அந்தப் பலகையை நான் தூக்கிப் போடவில்லை. நான்கு ஆணித் துளையோடு என் மேஜைக்குப் பின்னால் நிற்கிறது. வீட்டில் கேட்டால், "அது இருக்கட்டுங்க, இனிமே எதையாவது அடைக்கப் போனா அதை ஒருதரம் பாருங்க" என்கிறார்.

தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். ஓசூர், பாகலூர், மத்திகிரி பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு அவசியம் அனுப்புங்கள். உங்கள் வீட்டு ஊதுபத்தி எங்கே வளைந்தது என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்துகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்