ஒரு படிகத்தின் வழக்கு

வேதியியல், மருந்தியல் பட்டப்படிப்புகளில் சேரும் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் செய்முறைகளுள் ஒன்று படிகமாக்கல். மாசு கலந்த பொருளைச் சூடான கரைப்பானில் கரைத்து, வடிகட்டி, மெல்லக் குளிரவிட்டால் மாசு கரைசலிலேயே தங்கிவிடும்; தூய பொருள் படிகமாகப் பிரியும். ஆய்வகக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தோடு முடிந்துவிடும் இப்பாடத்தின் மறுபக்கம், 2013 ஏப்ரல் 1 அன்று தில்லியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் புற்றுநோய் மருந்து ஒன்றின் விலையோடு பிணைந்து நின்றது.

முந்தைய தலைமுறை வேதியியலாருக்குப் படிகம் என்றால் தூய்மை. குளித்தலையில் 1900இல் பிறந்து, மான்செஸ்டரில் இராபர்ட் இராபின்சனிடம் ஆய்வு செய்து, 1949இல் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையின் தலைமையேற்ற டி. ஆர். சேஷாத்ரியின் காலம் அது. தாவரங்களிலிருந்து நிறமிகளைப் பிரித்தெடுத்த அக்கால ஆய்வாளர்க்குப் படிகம் கைக்கு வந்தால்தான் பொருள் கிடைத்ததாகக் கணக்கு. கூர்மையான உருகுநிலையே அதன் தூய்மைக்குச் சான்று.

ஆனால் ஒரே மூலக்கூறு ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் அடுங்கிப் படிகமாகலாம். செங்கல் ஒன்றே, அடுக்கும் முறை வேறு. இதனைப் பல்லுருத்தன்மை என்பர். அடுக்கு மாறினால் கரைதிறனும் ஈரம் உறிஞ்சும் இயல்பும் உருகுநிலையும் மாறும். இது சிறு செய்தியன்று. எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிரில் எளிதில் கரையாத புதிய படிக வடிவம் ஒன்று எதிர்பாராமல் தோன்றியதால், 1998இல் அதன் கேப்சூல்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது.

இனிச் சட்டத்தின் கதை. நீதிபதி என். இராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையை அடியொற்றி எழுந்தது 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். மருந்துக்கன்று, அதைச் செய்யும் முறைக்கே அது காப்புரிமை தந்தது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய இந்திய நிறுவனங்களுக்கு வழி திறந்தது. உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையால் 2005இல் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை திரும்பியபோது, நாடாளுமன்றம் 3(டி) என்னும் பிரிவில் ஒரு தடுப்பை வைத்தது: அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம் திறனில் மேம்படாவிடில் அது கண்டுபிடிப்பு ஆகாது. அப்பிரிவின் விளக்கத்தில் உப்புகள், எஸ்டர்கள், பல்லுருவங்கள், துகளளவு, தூய வடிவம் என வகுப்பறைச் சொற்கள் வரிசையாக இடம்பெற்றன.

இப்பிரிவின் பெருஞ்சோதனை நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக். நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மெசிலேட் என்னும் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி, 1998இல் சென்னையில் விண்ணப்பம் தரப்பட்டது. 2006இல் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. பிரிவு 3(டி) செல்லாது என்ற வாதத்தை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2009இல் மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமை தர மறுக்கவே, வழக்கு தில்லியை அடைந்தது. கிளிவெக்கின் ஒரு மாதச் செலவு அப்போது ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்களின் மருந்து 8,000 முதல் 10,000 ரூபாயாக இருந்தது. நோயாளிகள் பலருக்குத் தான் இலவசமாகவே வழங்குவதாக நிறுவனம் கூறிற்று. ஆயினும் கொடை கொடுப்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது. மலிவு விலை அவ்வாறன்று.

பீட்டா வடிவம் நன்கு பாயும், நிலைப்புத்தன்மை மிக்கது, ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும் என்று நிறுவனம் வாதிட்டது. நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் இரஞ்சனா பிரகாஷ் தேசாயும் இப்பண்புகளை மறுக்கவில்லை. அவை உற்பத்திக்கும் சேமிப்புக்கும் உதவலாம். நோய் தீர்க்கும் திறனோடு அவற்றுக்குத் தொடர்பில்லை என்றனர். மருந்து 30 விழுக்காடு கூடுதலாகக் குருதியில் சேர்கிறது என்ற வாதத்துக்கு, அதனால் குணப்படுத்தும் திறன் உயர்ந்தது என்பதற்குத் தரவு எங்கே என்று பார்த்தனர், கிடைக்கவில்லை. அந்த ஒப்பீடும் உப்பாக மாற்றப்படாத மூல இமாட்டினிப்போடு செய்யப்பட்டதே. மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று.

இத்தீர்ப்பு புதிய படிக வடிவங்கள் அனைத்துக்கும் கதவடைக்கவில்லை. நோயாளிக்குக் கூடுதல் பயன் உண்டென்று மெய்ப்பிக்கும் பொறுப்பை விண்ணப்பதாரர் மேல் வைத்தது. ரிட்டோனவிரையும் கிளிவெக்கையும் அருகருகே வைத்துக் கற்பித்தால் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். முன்னதில் படிகம் மாறியதும் மருந்தின் பயனே குலைந்தது. பின்னதில் படிகம் மாறியும் நோய் தீர்க்கும் திறன் கூடியதாக நிறுவப்படவில்லை. எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒரு வடிவத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய நம் பட்டப்படிப்புகள் கற்றுத்தருகின்றன. அவ்வேறுபாடு நோயாளிக்கு என்ன தருகிறது என்று கேட்கவும் அவை கற்றுத்தர வேண்டும்.