பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களின் உணவு: உப்பு, அரிசி, இறால் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பழவேற்காடு என்றதும் 1613இல் ஒல்லாந்தர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையும் அவர்தம் கல்லறைகளுமே ஆய்வாளர் நினைவுக்கு வருகின்றன. கோட்டையைச் சூழ்ந்த குப்பங்களில் மக்கள் என்ன உண்டனர் என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. ஊட்டச்சத்து குறித்த அறிவுரைகளோ பெரும்பாலும் உண்போரின் அறியாமையை முன்னிறுத்தியே தொடங்குகின்றன. ஏரிக்கரை மக்களின் அன்றாட உணவை மாற்றியது அறியாமை அன்று. உப்பின் வரியும் அரிசியின் விலையும் இறாலின் சந்தையுமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

கருவாடும் உப்பு வரியும்

மீனவர் வீட்டில் மீனுக்குப் பஞ்சமில்லை என்பது கரையில் நின்று பார்ப்போரின் எண்ணம். ஏரியின் மீன்வரத்து ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. கோடையில் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடும்போது, கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வருவது தடைப்படுகிறது. புயல் நாள்களில் வலை இறங்குவதில்லை. அந்நாள்களுக்கான சேமிப்பே கருவாடு. கருவாட்டுக்கு உப்பு வேண்டும். உப்போ ஆங்கிலேய அரசின் வருவாய்ப் பொருளாக இருந்தது.

சென்னை மாகாண மருத்துவப் பணியிலிருந்து மீன்வள ஆய்வுக்கு வந்த பிரான்சிஸ் டே, இந்திய, பர்மியக் கடல்மீன்வளம் குறித்து 1873இல் வெளியிட்ட அறிக்கையில், உப்பு வரி மீன் பதப்படுத்தலை நலிவுறச் செய்ததைச் சுட்டிக்காட்டினார். பின்னர் மாகாணக் கடற்கரையில், வரியின்றி உப்பு வழங்கும் மீன் உப்பிடு கூடங்கள் அமைக்கப்பட்டன. இதனை மீனவர் நலன்சார் சீர்திருத்தமாகக் கொள்வதே வழக்கம். ஆயின் ஒன்று நோக்கத்தக்கது: அச்சலுகை கூடத்தின் வேலிக்குள் உப்பிடப்பட்ட மீனுக்கு மட்டுமே உரியது. வீட்டுப் பானையில் இடும் உப்புக்கு வரி தொடர்ந்தது. வணிகக் கருவாட்டைக் காத்த கொள்கை அடுக்களைக் கருவாட்டைக் காக்கவில்லை எனலாம்.

குன்னூர் அட்டவணையும் கேழ்வரகுக் கூழும்

குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநர் ஏக்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து மதிப்பு குறித்த தம் நூலை 1937இல் வெளியிட்டார். தீட்டிய அரிசியையே பெரிதும் சார்ந்த தென்னிந்திய ஏழைகளின் உணவில் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்துகளும் குறைவு என்பது அவ்வாய்வகம் வலியுறுத்திய செய்தி. சிறுதானியம், பருப்பு, கீரை, பால், மீன் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்பட்டது.

வட தமிழகக் கடற்கரையில் நெடுங்காலம் புழங்கிய கேழ்வரகுக் கூழையும் நெத்திலிக் கருவாட்டையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவன அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய பச்சரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. முள்ளோடு மென்று உண்ணும் சிறுமீனும் அச்சத்தை மிகுதியாகத் தருவது. ஆய்வகம் பரிந்துரைத்ததில் ஒரு பகுதி உழைக்கும் மக்களின் கலயத்தில் ஏற்கெனவே இருந்தது.

இதனைக் கொண்டு பழைய உணவை முழுமையானதெனப் போற்றுவதும் பிழையாகும். உவர் மண்ணில் கீரையும் காய்கறியும் எளிதில் விளைவதில்லை. கருவாட்டின் உப்பு மிகுதி இரத்த அழுத்தமுடையோருக்கு ஏற்றதன்று. பொது வழங்கல் முறை அரிசியை ஏழைகளுக்கு எட்டச் செய்தது. 2011 ஜூன் முதல் அட்டைதாரர்க்கு அது விலையின்றிக் கிடைக்கிறது. பசியைத் தணித்த இந்நடவடிக்கையைக் குறைத்து மதிப்பிட இயலாது. அதே அரிசி கூழைப் பின்னுக்குத் தள்ளியது என்பதையும் மறுக்க இயலாது.

இறாலின் இடப்பெயர்வு

1953இல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் கேரளத்தில் தொடங்கிய இந்திய–நார்வேத் திட்டத்தின் நோக்கங்களுள் மீனவரின் உடல்நலமும் ஒன்று. காலப்போக்கில் அது விசைப்படகையும் ஏற்றுமதி இறாலையும் நோக்கித் திரும்பியது. அச்சந்தை பழவேற்காட்டையும் எட்டியது. முறைவைத்து மீன்பிடி இடங்களைப் பகிரும் ‘பாடு’ மரபில் இறால் கிடைக்கும் இடங்களின் மதிப்பு உயர்ந்தது. பாட்டுரிமை அற்ற இருளர் பெண்கள் நீரில் அமர்ந்து கையால் தடவிப் பிடித்துப் பறியில் சேர்க்கும் இறாலும் விலைபொருளாயிற்று. வருவாய் கூடியது மெய். ஆனால் விலை உயர உயர, குழம்புக்கென ஒதுக்கிய பங்கையும் விற்றுவிடும் நெருக்கடி கூடியது.

அப்பங்கு ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களில் இடம்பெறுவதில்லை. அது சந்தைக்கே வராத மீன். பிடித்ததில் எதை விற்பது, எதை உலையில் இடுவது என்று முடிவு செய்த மூத்த பெண்களின் வாய்மொழியே அதனை அறிவதற்கான முதன்மைச் சான்று. பாடு முறையை ஆராய்ந்தோர் பெரிதும் ஆண்களின் கூட்டத்தையே கேட்டறிந்துள்ளனர் என்பதால், அடுக்களைப் பக்கமிருந்து அவ்வரலாற்றைத் தொகுக்கும் பணி இன்னும் எஞ்சி நிற்கிறது.